திருப்பிப் போட்ட விரிப்பு

என் தங்கை மகன் மடியில் வைத்துத் தொட்டுத் தடவிக்கொண்டிருக்கட்டும் என்று பலவகைத் துணிகளில் நான் தைத்த முதல் விரிப்பைக் கையில் வாங்கியவுடன் அவன் அதைத் திருப்பிப் போட்டான். முன்பக்கத்தில் வெல்வெட், சாட்டின், சணல், கார்டுராய், சரிகைக் கரை என்று பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் பொருத்தி, மூலைகள் பிசகாமல் சேர்த்து, மூன்று வாரம் இரவுகளில் உட்கார்ந்து தைத்திருந்தேன். அவனுக்கு வேண்டியிருந்ததோ பின்பக்கம். கொடுக்கும் அவசரத்தில் லைனிங் வைக்காமல் விட்டிருந்ததால், துணிகள் சேரும் இடங்களில் தையலுக்கு விட்ட ஓரங்கள் தடித்து, நூல் முனைகள் நீட்டிக்கொண்டு, தைத்தவளுக்கே கூச்சம் தரும் நிலையில்தான் அந்தப் பக்கம் இருந்தது. அந்தத் தடிப்புகளின் மீது சுட்டுவிரலை வைத்து, ஒரு கோடு முடிந்ததும் அடுத்த கோட்டுக்குத் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, ஏறத்தாழ அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டிருந்தான். “பெரியம்மா எவ்வளவு அழகா தைச்சிருக்காங்க, இந்தப் பக்கம் பாருடா” என்று தங்கை விரிப்பை நேராக்கி வைத்தாள். அவன் மீண்டும் புரட்டினான்.

மதுரையில் இருபத்தைந்து ஆண்டுகளாக வீட்டிலேயே ரவிக்கையும் குழந்தைகள் உடையும் தைத்து வருகிறேன். ரவிக்கையின் உள்பக்கம் உடுத்துபவருக்கு உறுத்தக்கூடாது என்பதுதான் என் அம்மா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். ஓரங்களை மடித்து மறைப்பதையே திறமை என்று நினைத்து வளர்ந்த எனக்கு, மறைக்க வேண்டியதைத் தேடித் தொடும் ஒரு விரல் இருக்கும் என்பது அன்றுவரை தோன்றவில்லை. அதன் பிறகு தைத்த விரிப்புகள் பதினேழு. அவற்றில் பாதியேனும் ஏதோ ஒரு விதத்தில் தவறாகி, பிரித்துத் தைக்கப்பட்டவை.

பையனுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. தமிழில் இதற்கு ‘மதியிறுக்கம்’ என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். இறுகிப்போன மதி எதையும் நான் அவனிடம் கண்டதில்லை என்பதால் அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை. அவன் அதிகம் பேசமாட்டான். சட்டையின் கழுத்துப் பின்னால் இருக்கும் லேபிளைப் பொறுக்கமாட்டான். அதைக் கத்தரித்த பின் எஞ்சும் பிசிறும் அவனுக்கு முள்தான். அதே பிள்ளை, அப்பாவின் ஜீன்ஸ் காலில் இரட்டைத் தையலோடு ஓடும் தடித்த மடிப்பை, அவர் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தேடிப் போய்த் தடவுவான். இந்த இரண்டையும் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் விரிப்புத் தைக்க உட்கார்ந்தபோது நான் கணினியில் பார்த்த படத்தை வைத்துத் தைத்தேனே தவிர, பார்த்துப் பழகிய அவன் கையை நினைக்கவில்லை.

இரண்டாவது விரிப்பில் வெல்வெட்டும் இல்லை, சரிகையும் இல்லை. மூன்று பழைய ஜீன்ஸ்களிலிருந்து பக்கவாட்டு மடிப்புகளை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியெடுத்து, மெல்லிய காடாத் துணியின் மீது வரிசையாக வைத்துத் தைத்தேன். சில கோடுகள் நேராகவும், இரண்டு கோடுகள் வளைந்தும், ஒன்று மட்டும் நடுவில் நின்றுபோவதாகவும் இருந்தன. ஜீன்ஸ் மடிப்பின் மேல் மடிப்பு வரும் இடத்தில் வீட்டு மிஷின் திணறும். பதினாறாம் எண் ஊசி போட்டும் இரண்டு ஊசிகள் முறிந்தன. அப்படிப்பட்ட இடத்தில் பெடலை மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குவதே பாதுகாப்பு. பார்வைக்கு அந்த விரிப்பு மிதியடியைப் போல இருந்தது. தங்கைக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் முடிவெட்டும் கடையில் ஐந்து நிமிடம் உட்காராத பையன், அதை மடியில் வைத்துக்கொண்டு முழு முடிவெட்டும் முடியும்வரை உட்கார்ந்திருந்தான். இதை இங்கே ஓர் அதிசயம் போலச் சொல்லவில்லை. அடுத்த மாதம் அதே கடையில், அதே விரிப்போடு, உட்கார மறுத்து அழுதான் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இவ்வகை விரிப்புகளைச் சிகிச்சை மையங்களில் சென்சரி மேட், அதாவது தொட்டு உணர்வதற்கான விரிப்பு, என்றே சொல்கிறார்கள். தொடுதல், அசைவு, உடல் சமநிலை ஆகிய உணர்வுகளை மூளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று ஆராய்ந்து, 1972-இல் உணர்வு ஒருங்கிணைப்பு பற்றிய நூலை வெளியிட்ட அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஜீன் அயர்ஸிடமிருந்து இதன் பேச்சும் பயிற்சியும் பெரும்பாலும் வந்தன. சிலருக்கு லேசான தொடுதலே தாங்க முடியாததாக இருக்கிறது என்பதை 1960-களிலேயே எழுதியவர் அவர். அந்தக் கருத்தின் மேல் எழுந்த சிகிச்சைகள் எவ்வளவு பயன் தருகின்றன என்பதில் இன்றும் வாதம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, ஆய்வுச் சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. தெரபி என்ற சொல்லை ஒட்டிவிட்டு ஒரு துண்டுத் துணியை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த அறிக்கைதான் நினைவுக்கு வரும். என் விரிப்பு எந்தக் குறையையும் தீர்ப்பதில்லை. காத்திருக்க வேண்டிய நேரத்தில் கைக்கு ஒரு வேலை தருகிறது, அவ்வளவே.

துணியைத் தொட்டு அறிவதற்கு இன்னும் பழைய வழியும் உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வகுப்பறைப் பொருட்களில் துணிப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வகைத் துணியிலும் இரண்டிரண்டு சதுரங்கள் இருக்கும். குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டே ஜோடி சேர்க்க வேண்டும். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அந்தப் பெட்டியை ஒரு மழலையர் பள்ளியில் பார்த்தபோது எனக்குப் பிடித்தது அதன் சிக்கனம்: ஜிகினா இல்லை, பொம்மை முகம் இல்லை, துணி மட்டுமே இருந்தது.

நானும் என் கண்ணைக் கட்டிக்கொண்டு துண்டுத்துணி மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். வேடிக்கையாகத் தொடங்கிய அந்த வேலை எனக்கு நிறையக் கற்றுத்தந்தது. கண் பார்த்து வெவ்வேறு என்று நான் பிரித்து வைத்திருந்த ஒன்பது துணிகளில் ஐந்து, விரலுக்கு ஒன்றாகவே இருந்தன. பாலியெஸ்டர் சாட்டினும் பட்டுப் புடவையின் உடல் பகுதியும் நிறத்தில் எட்டாத தூரம். தொடும்போது இரண்டும் வழுவழுப்பு. மாறாக, ஒரே பட்டுப் புடவையின் கரையில் ஜரிகை ஓடும் இடம் நறநறக்கிறது, உடல் வழுக்குகிறது. இந்த இடத்தில் நம் மொழி பெரிய துணை. தேங்காய்ப்பூத் துண்டு மெத்துமெத்தென்று இருக்கும், சணல் சாக்கு சொரசொரவென்று இருக்கும், கஞ்சி போட்ட காடா மொறமொறக்கும், மழைக்கோட்டுத் துணி சரசரக்கும். இரட்டைக் கிளவியில் சொல்ல முடிந்தால் அந்தத் துணிக்கு விரிப்பில் இடம் உண்டு என்பது நான் வைத்துக்கொண்ட விதி. சொல் கிடைக்காத துணி, எவ்வளவு அழகாக இருந்தாலும் மூட்டைக்கே திரும்பிவிடும்.

பொருட்களுக்கு எனக்கு மதுரையைப் போன்ற ஊர் கிடைக்காது. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் கல்தூண்களுக்கு இடையே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மிஷின் மிதித்த காலத்திலிருந்து, பட்டனுக்கும் லேஸுக்கும் அங்கேதான் போய்வந்தேன். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அதே முகங்களைத் தேடிப் போகிறேன். பவானி ஜமக்காளத்தின் பழைய துண்டு கிடைத்தால் விடமாட்டேன். அதன் முரட்டு நூல் வரிகள் எத்தனை முறை துவைத்தாலும் படியாமல் நிற்கும். சுங்குடியில்தான் ஏமாந்தேன். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சுங்குடியில், முடிச்சு இருந்த இடங்கள் சிறு குமிழ்களாகப் புடைத்திருப்பது தொடுவதற்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு துவைப்பில் அந்தப் புடைப்பு அடங்கிப்போய், வெறும் பருத்தித் துணியாகிவிட்டது. எந்தத் துணியானாலும் இரவு முழுக்க நனையவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்த பிறகே கத்தரி வைக்கிறேன். இந்த விரிப்புகள் எச்சில் படுபவை, சோறு சிந்துபவை, வாரம் இருமுறை துவைக்கப்படுபவை.

என் மாமியாருக்காகத் தைத்தது வேறு கதை. அத்தைக்கு எண்பத்திரண்டு வயது, மறதி நோய். மாலை ஆனால் முந்தானையைக் கொசுவிக் கொசுவி மடிப்பார், பிரிப்பார், ஓரத்து நூலை ஒவ்வொன்றாக உருவுவார். மருத்துவமனையில் இருந்த நாட்களில் அதே விரல்கள் கையில் ஏற்றியிருந்த ஊசியையும் பிடுங்கின. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் மறதி நோயாளிகளுக்குக் கம்பளி நூலில் பின்னி, உள்ளும் வெளியும் பட்டனும் ரிப்பனும் தைத்த கையுறை போன்ற குழாய் ஒன்றைத் தருகிறார்கள் என்று படித்திருந்தேன். மதுரை வெயிலில் கம்பளியை நினைத்தாலே வியர்க்கும் என்பதால், அதே கருத்தில் பருத்தியில் ஒரு மடி விரிப்பைத் தைத்தேன். பெரிய ஜிப், பை பெல்ட்டின் பக்கிள், வெல்க்ரோ, டிச் பட்டன் எல்லாம் வைத்தேன். அத்தை அதை மடியில் வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, “இது யார் பைம்மா? தேடுவாங்க, கொண்டுபோய்க் குடுத்துடு” என்று என்னிடமே நீட்டினார். மூன்று நாட்கள் வைத்துப் பார்த்தோம். மூன்று நாளும் அதை உரியவரிடம் சேர்ப்பதிலேயே அவருக்குக் கவலை.

அவர் வாழ்நாளில் ஜிப் போட்ட பை எதுவும் வைத்திருந்ததில்லை. இடுப்பில் சுருக்குப் பை இருந்தது, ரவிக்கையில் கொக்கி இருந்தது, திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிய நாற்பது ஆண்டுகள் இருந்தன. எனவே பிரித்துப்போட்டு மறுபடி தொடங்கினேன். அவருடைய பழைய நூல் புடவையின் உடலே விரிப்பின் தரை. அதன் கரையைக் கொசுவம் போல மடித்து மேல் பக்கம் மட்டும் தைத்து, கீழ்ப்பக்கம் விரிந்து மூடும்படி விட்டேன். ஓரத்தில் ஒரு சுருக்குப் பை வைத்தேன். வெள்ளைத் துணியில் மல்லிகை மொட்டு அளவுக்குத் திருகி, ஜோடி ஜோடியாக ஒரு நாடாவில் நெருக்கித் தைத்து, அதைக் குறுக்காக ஓடவிட்டேன். அந்த மொட்டுகளை அத்தை விரலால் எண்ணுகிறாரா, கட்டுகிறாரா என்று எனக்குத் தெரியாது. கட்டை விரலும் சுட்டு விரலும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து நகரும். அந்த விரிப்பை இதுவரை யாருக்கும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. சுருக்குப் பையில் மட்டும் அவ்வப்போது பாதி முறுக்கு கிடைக்கும்.

வயதானவர்களுக்குத் தைக்கும்போது ஒரு முரண்பாடு எப்போதும் குறுக்கே நிற்கும். லேசான தொடுதலை உணரும் மெய்ஸ்னர் உறுப்புகள் விரல் நுனித் தோலுக்கு அடியில் இருக்கின்றன. வயது ஏற ஏற அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. ஆகவே மெல்லிய வேறுபாடுகள் அவர்கள் விரலுக்கு எட்டுவதில்லை, இன்னும் முரடாக வேண்டும் என்று தோன்றும். ஆனால் அதே வயதில் தோல் காகிதம் போல மெலிந்துவிடுவதால், சணலும் முரட்டு வெல்க்ரோவின் கொக்கிப் பக்கமும் கீறிவிடும். புடைப்பு பெரிதாகவும் பரப்பு மென்மையாகவும் இருக்க வேண்டும் என்றால், அகலமான வரி உள்ள கார்டுராய்தான் எனக்குத் தெரிந்த நல்ல விடை. கார்டுராயை ஓர் அங்குலத்தில் எத்தனை வரி என்று எண்ணி வகைப்படுத்துவார்கள். எண் குறையக் குறைய வரி தடிமன். எட்டு வரி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இருபத்தொன்று உள்ளது குழந்தைச் சட்டைக்கு ஆகும், முதிய விரலுக்கு அது வெறும் வெல்வெட். மென்மையான நாடாவுக்குள் கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங்கும் இதே வேலையைச் செய்யும்.

நான் வெட்கப்படும் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பார்வைக் குறைபாடும் கைகால் இயக்கக் குறைபாடும் சேர்ந்திருக்கும் ஒரு சிறுமிக்காக, ஒரு சிறப்புப் பள்ளியின் ஆசிரியை விரிப்புக் கேட்டிருந்தார். குழந்தை மகிழட்டும் என்று பூ, மீன், மயில் என ஏழெட்டு நிறத்தில் நெருக்கமாகத் தைத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் அவர் நேரிலேயே எடுத்து வந்து, மிகுந்த மரியாதையோடு, “இதில் அவளால் எதையும் பார்க்க முடியவில்லை அம்மா” என்றார். அந்தச் சிறுமியின் கண்ணில் கோளாறு இல்லை. கண் தரும் காட்சியை மூளை பிரித்தறிவதில்தான் சிரமம். இத்தகைய குழந்தைகளுக்கு நெரிசலான காட்சி என்பது காட்சியே இல்லாததற்குச் சமம். வெற்றுப் பின்னணியில் ஒரே ஒரு பொருள், அதுவும் பலருக்கு மஞ்சளோ சிவப்போ, இருந்தால்தான் கண் அதைப் பிடிக்கிறது. கறுப்புக் காடாவில் மஞ்சள் தேங்காய்ப்பூத் துண்டை ஒரே வட்டமாக வெட்டித் தைத்துக் கொடுத்தேன். தைக்க நாற்பது நிமிடம் ஆனது. மயிலுக்கு ஆறு நாள் ஆகியிருந்தது.

பாதுகாப்பு பற்றி நிறையக் கேட்கிறார்கள் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். பொம்மைகளின் பாதுகாப்புத் தரநிலைகளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளை உண்டு. அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்வார்கள். மூன்று வயதுக்குள்ளான குழந்தைகளுக்கென்று வகுத்த அளவு அது. ஆனால் எதையும் வாயில் வைக்கும் பழக்கமுள்ளவருக்கு முப்பது வயதானாலும் நான் அதையே பின்பற்றுகிறேன். அவர்களுக்குப் பட்டன் கிடையாது, மணி கிடையாது. மற்றவர்களுக்கு வைக்கும் பட்டனையும் நூலை மட்டும் நம்பித் தைக்காமல், பின்னால் கான்வாஸ் துண்டு கொடுத்து, இரட்டை நூலில் கட்டுகிறேன். முடிந்ததும் அந்தப் பட்டனிலேயே ஒரு பையை மாட்டி, ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஓர் இரவு தொங்கவிடுவேன். காலையில் அரிசி தரையில் கிடந்த நாட்களும் உண்டு. கயிறோ நாடாவோ ஒரு சாணுக்கு மேல் நீளமாகத் தொங்கக்கூடாது. ஜிப் என்றால் பிளாஸ்டிக் பல் உள்ள ஐந்தாம் எண். ரன்னரில் விரல் நுழையும் அளவுக்குத் துணி வளையம். இரு முனைகளிலும் ரன்னர் கழன்று வராதபடி குறுக்கே கெட்டித் தையல். சரசரச் சத்தத்துக்குச் சிப்ஸ் பாக்கெட்டைக் கழுவி உள்ளே வைப்பவர்கள் அதை இரண்டு அடுக்குத் துணிக்குள் நான்கு புறமும் அடைத்துத் தைக்க வேண்டும். பிறகு அந்த விரிப்பின் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகக்கூடாது.

குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் அந்த விதைகளைச் சிறு பையில் அடைத்து விரிப்பில் வைத்தால் கலகலக்கும் என்று ஓர் உறவினர் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, துளையிட்டதை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்து. நல்ல எண்ணத்தோடு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன், அன்று மாலையே அப்புறப்படுத்தினேன். கலகலப்புக்கு நான் இப்போது எந்த விதையையும் வைப்பதில்லை. அரிசியும் புளியங்கொட்டையும் துவைத்தால் ஊறும், காயாமல் பூஞ்சை பிடிக்கும், வண்டு வரும்.

உள்ளே பாரம் அடைத்த எடைப் போர்வை தைத்துத் தரச் சொல்லி மாதம் இருவராவது கேட்கிறார்கள். நான் தைப்பதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தூக்கத்துக்கு அது உதவுகிறதா என்று இங்கிலாந்தில் சோதித்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், குழந்தைகளும் பெற்றோரும் எடைப் போர்வையை விரும்பினார்கள், ஆனால் தூங்கிய நேரம் கூடவில்லை. விரும்புவதும் ஒரு பயன்தான் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் தானாக விலக்கிக்கொள்ள முடியாத ஒரு குழந்தையின் மேல் என் கையால் தைத்த பாரம் இரவு முழுவதும் கிடக்கும் என்பதை நினைத்தால் எனக்குத்தான் தூக்கம் வராது. அதைத் தெரபிஸ்ட் அளந்து சொல்லி, கூடவே இருந்து பார்த்து முடிவு செய்யட்டும்.

இப்போது யாராவது விரிப்புக் கேட்டால், துணி எடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்கிறேன். முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். உள்ளங்கையால் தேய்க்கிறாரா, நகத்தால் சுரண்டுகிறாரா, தலையணை ஓரத்தை உருட்டுகிறாரா, பாயின் கோரையைப் பிய்க்கிறாரா, எதை எடுத்துக் கொடுத்தால் உதறுகிறார், கை வாய்க்குப் போகிறதா, எந்தக் கை. தேநீர் கொடுத்து உபசரித்து, பிள்ளையின் சிகிச்சை விவரம் முழுவதையும் சொல்லத் தொடங்கும் பெற்றோரிடம், கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் என்று சொல்வதுதான் எனக்குச் சங்கடமான வேலை.

தங்கை மகனுக்கு இப்போது பதினொரு வயது. ஜீன்ஸ் விரிப்பை மடியில் வைத்துக்கொள்வதைப் போன ஆண்டே நிறுத்திவிட்டான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிகிறது என்று நினைக்கிறேன். எனவே விரிப்பையே வெட்டினேன். அதில் அவன் விரல் மிகுதியாக ஓடித் தேய்த்திருந்த ஒரு கோட்டிலிருந்து நான்கு அங்குலத் துண்டை எடுத்து, பள்ளிக் கால்சட்டையின் வலது பைக்குள், கை நுழைந்ததும் சுட்டுவிரல் படும் உயரத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் பையில் கைவிட்டு நிற்கும் ஒரு பையன்தான் தெரியும். துவைத்தால் அந்தப் பையை மட்டும் வெளியே இழுத்துவிட்டுக் காயப்போடச் சொல்லியிருக்கிறேன். ஜீன்ஸ் மடிப்பு ஈரத்தை லேசில் விடாது.